கடைசி ஸ்டாப்பு தனக்கோடி

"வணக்கம் மக்களே, நல்லா கீறீங்களா? இன்னிக்கு நாம எந்த ஊருக்கு வந்துகீறோம்னா..." என்று ஒரு பெண்குரல் மாப்புக் கம்பிடம் கேட்டுக்கொண்டிருந்தது.

காலை ஆறரை மணி. பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் ஏழு மாடிக் கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் மூன்றாவது மாடி. காபி பிடிக்கப் பேன்ட்ரிக்குள் காலெடுத்து வைத்த இளங்கோவன் வாசலிலேயே நின்றுவிட்டான். சேலைக்கு மேல் சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஹவுஸ்கீப்பிங் அம்மா ஒருவர், மாப்புக் கம்பின் நுனியை முகத்துக்கு நேரே ஒரு கை தூரத்தில் சாய்த்துப் பிடித்து அதைப் பார்த்துச் சிரித்தார். கழுத்தை வலப்பக்கம் திருப்பி இன்னொரு தரம் சிரித்தார். அந்தச் சிரிப்பும் பிடிக்கவில்லை போலும். முகத்தை உள்ளங்கையால் ஒரு வழி வழித்துவிட்டு மறுபடியும் "வணக்கம் மக்களே" என்று ஆரம்பித்தார்.

அவன் இருமினான். கம்பு சட்டென்று தரைக்கு வந்து துடைக்கத் தொடங்கியது.

"குட் மார்னிங் சார்."

"என்னாக்கா, நாடகத்துக்கு ஒத்திகையா?"

'அக்கா' என்ற ஒரு சொல்லில் அந்த அம்மாவின் தோள் இறங்கியது. "தமிழா நீ? சொல்லக்கூடாதா, பயந்துட்டேன். நாடகம் இல்ல தம்பி, விலாகு. டிராவல் விலாகு. எனக்கு சேனல் கீது."

இளங்கோவனுக்கு அந்தக் காலையில் கிடைத்த முதல் அதிர்ச்சி அது. காரணம், டிராவல் விலாகராக வேண்டும் என்று இரண்டு வருடமாகத் துடித்துக்கொண்டிருந்தவன் அவன். அவனுக்கு இன்னும் சேனல் இல்லை.

தனக்கோடிக்கு நாற்பத்தாறு வயது. மர்பி டவுனில் பிறந்து, மர்பி டவுனிலேயே வாழ்க்கைப்பட்டு, மர்பி டவுனிலேயே இரண்டு பெண்களைப் பெற்று, மூத்தவளையும் இரண்டு தெரு தள்ளிக் கட்டிக்கொடுத்தவர். பத்தொன்பது வருடமாக ஆபீஸ்கள் துடைக்கிறார். இந்தக் கட்டடத்தில் நான்கு வருடம். வகிட்டில் எண்ணெய் மின்ன இழுத்துக் கட்டிய கொண்டை. காதில் சிவப்புக் கல் கம்மல், சொந்தச் சம்பளத்தில் வாங்கிய ஒரே நகை. வலது கட்டைவிரல் நகத்தை மட்டும் வெட்டுவதில்லை. கண்ணாடியில் ஒட்டியதைச் சுரண்ட அதுதான் ஆயுதம். எந்தக் கண்ணாடிக் கதவைக் கடந்தாலும் தலையை ஒருபக்கம் சாய்த்து, வெளிச்சத்துக்கு எதிராக ஒரு பார்வை பார்ப்பார். நேரே பார்த்தால் தெரியாத கறை சாய்த்துப் பார்த்தால் தெரியுமாம். பேருந்து ஜன்னலையும் அப்படித்தான் பார்ப்பார், நகைக்கடை ஷோகேசையும் அப்படித்தான்.

"பெங்களூருல பொறந்து பெங்களூருல இன்னா பாத்தேன்? பாத்ரூம் பாத்ரூமா பாத்தேன்" என்பார். சொல்லிவிட்டு அவரே சிரித்துவிடுவதால் கேட்கிறவர்கள் என்ன செய்வது என்று தெரியாமல் விழிப்பார்கள்.

கர்நாடகத்தில் அரசுப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை மெஜஸ்டிக் பேருந்து நிலையத்துக்குப் போய்க் கண்ணில் பட்ட முதல் சிவப்புப் பேருந்தில் உட்கார்ந்துவிட்டார். கண்டக்டர் வந்து "எல்லிகம்மா?" என்று கேட்டார். எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது? போர்டைக்கூட அவர் படித்திருக்கவில்லை. "லாஸ்ட் ஸ்டாப்" என்றார். அப்படி ஆரம்பித்தது. சேனலின் பெயரும் அதுவே: 'கடைசி ஸ்டாப்பு'.

அரண்மனை, அருவி, மலைக்கோயில் எதுவும் அவர் வீடியோவில் வராது. பேருந்து எங்கே போய்த் திரும்புகிறதோ அந்த இடம் மட்டும் வரும். ஒரு ஊரில் புளியமரத்தைச் சுற்றித் திரும்பியது. இன்னொன்றில் ராகி மாவு மில் வாசலில். ஒரு ஊரில் எதுவுமே இல்லை. ஒரு கல், அதன்மேல் ஒரு ஆடு. அதையும் விடாமல் எடுத்து, "இந்த ஊருக்கு நம்ம பஸ்ஸு ஒரு நாளிக்கு ரெண்டு தரம் வருது மக்களே, இந்த ஆட்டுக்கு எவ்ளோ மரியாதி பாருங்க" என்று சொல்லியிருந்தார்.

"ஊருன்னா இன்னா தம்பி? பஸ்ஸு திரும்ப எடம் இருந்தா அது ஊரு."

வீடியோவின் நீளத்தைத் தீர்மானிப்பவர் ஓட்டுநர். அவர் இறங்கி, முகம் கழுவி, டீ குடித்து, பீடியை முடித்து ஹாரன் அடிக்கும்வரைதான் தனக்கோடிக்கு நேரம். சில ஊர்களில் திரும்பி வர அந்த ஒரு வண்டிதான். அதனால் பேச்சு எந்த இடத்தில் இருந்தாலும் ஹாரன் கேட்டதும் "ஆய்த்து மக்களே, கூப்புடுறாரு" என்று ஓடுவார். எல்லா வீடியோவும் ஹாரன் சத்தத்திலும் செருப்புச் சத்தத்திலும் முடியும்.

இவ்வளவையும் இளங்கோவன் அன்றே பார்த்து முடித்தான். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் ஆறு வீடியோ. ஆறும் முடிந்தபோது தயிர்சாதம் காய்ந்து போயிருந்தது.

இளங்கோவன் சங்கராபுரத்துப் பக்கம் ஒரு சிற்றூரிலிருந்து வந்தவன். கரும்பு வெட்டும் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன். தாசில்தார் கையெழுத்துப் போட்ட முதல் பட்டதாரிச் சான்றிதழ், கல்விக் கட்டணச் சலுகைக்கான வேலை முடிந்து ஐந்து வருடமாகியும், லேமினேஷன் போட்டு அவன் பையிலேயே இருக்கிறது. எதையும் முழுக்கப் படித்துத் தெரிந்துகொண்டு செய்தால் தப்பு வராது என்பது அவன் அனுபவம்; பட்டமும் வேலையும் அப்படித்தான் வந்தன. விலாகையும் அப்படியே அணுகினான். பதினேழு கேமராக்களை ஒப்பிட்டு ஒரு அட்டவணை வைத்திருந்தான். தங்கியிருந்த பி.ஜி. அறையின் அலமாரி உச்சியில், நடந்துகொண்டே எடுத்தாலும் ஆடாத கேமராத் தாங்கி ஒன்று, வயர் இல்லாத மைக் ஜோடி ஒன்று, தலையில் கட்டும் பட்டையோடு குட்டிக் கேமரா ஒன்று, எல்லாம் பெட்டியும் பிளாஸ்டிக்கும் பிரியாமல் இருந்தன. குட்டிக் கேமராவில் மட்டும் ஒரு வீடியோ எடுத்திருந்தான். அறையின் மின்விசிறி சுற்றுவது, நாற்பது நொடி.

மறுநாள் பேன்ட்ரியில் விசாரித்தான். "ஸ்டாண்டுக்கு என்னாக்கா வெச்சிருக்கீங்க?"

"மாப்புக் கம்பு. இது இல்ல, கழிச்சுப் போட்டது. முனிராஜ் சார் கிட்ட கேட்டுத்தான் எடுத்துகினேன்." முனிராஜ் அவர்களுடைய சூப்பர்வைசர். "இழுத்தா நீளும், அமுக்கினா குட்டையாவும். காருல போன் மாட்டுவாங்களே அந்தக் கிளிப்பு மேல ஒண்ணு. மண்ணுல குத்துனா நிக்கும்."

"மைக்கு?"

"இயர்போனு. ஒரு பக்கம் காது போச்சு, பேசுற சைடு நல்லா கீது. சேஃப்டி பின்ல இங்க குத்திக்குவேன்."

"காத்து அடிச்சா இரையுமே. உங்க வீடியோவுல இரைச்சலே இல்லையே, எப்படி?"

தனக்கோடி சுற்றும் முற்றும் பார்த்தார். "பவுடர் பஃபு" என்றார் குரலைத் தாழ்த்தி. "பஞ்சு மாதிரி இருக்கும்ல, அத்த கிழிச்சு மேல கட்டிட்டேன்."

மைக்குக்குக் காற்றுத் தடுப்பு உறை வாங்க மூன்று வாரம் விமர்சனங்கள் படித்தவன் வாயில் காபி அப்படியே நின்றது.

ஒரு குறை மட்டும் இருந்தது, அது பெரிய குறை. படம் தெளிவாக இல்லை. எந்த ஊரை எடுத்தாலும் மூடுபனி விழுந்த மாதிரி வெள்ளையடித்து நின்றது. வெயில் பட்ட இடமெல்லாம் பாலைக் கொட்டியதுபோல் வழிந்தது. முகம் இருக்கும், கண் மூக்கு மங்கல். இருநூற்றுச் சொச்சம் பேர் பார்க்கும் சேனலில் பாதிப் பேர் அதைத்தான் எழுதினார்கள். 'அக்கா கேமரா மாத்துங்க, கண்ணு வலிக்குது.' 'நீங்க போறதெல்லாம் மலை ஊரா?' வீட்டில் சின்னவள் மகா, "பேய்ப்படம் எடுக்கிறியாம்மா?" என்று கேட்டுவிட்டாள்.

அதைச் சொல்லும்போது மட்டும் தனக்கோடி சிரிக்கவில்லை. "தீபாளி வரைக்கும் பாப்பேன் தம்பி. அதுக்குள்ள கிளியரா வர்லன்னா நிறுத்திடுவேன். வாரத்துக்கு ஒத்த நாளு லீவு. அதையும் ஊரூரா சுத்தி, யாரும் பாக்காத படம் எடுத்து, வீட்டுல வேற பேச்சு வாங்கி... எதுக்கு சொல்லு. எல்லாரும் ஞாயித்துக்கெழம துணி தொவைக்கிறாங்க. நானும் தொவைச்சுகினு கெடக்கறேன்."

தீபாவளிக்கு ஐந்து வாரம் இருந்தது.

கேமரா விஷயம் என்றால் இளங்கோவனிடம்தானே வரவேண்டும். அவன் வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தான். பெரிதாக்கிப் பார்த்தான். "போன் கேமராவுல உள்ள சென்சார்னு ஒண்ணு இருக்குங்க்கா. உங்களுது சின்னது. வெளிச்சத்தைத் தாங்க மாட்டேங்குது" என்று தீர்ப்புச் சொன்னான்.

"ஓ. சின்னதா" என்றார் தனக்கோடி, டாக்டர் சொன்னதைக் கேட்பவர்போல.

பதினேழு கேமராவை மூன்றாகச் சுருக்கி ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தான். மேலே 'தனக்கோடி அக்காவுக்கு' என்று தடித்த எழுத்தில் போட்டு, எது எதற்கு நல்லது, எது வெயிலுக்கு, எது ஆட்டத்துக்கு என்று தமிழில் எழுதியிருந்தான். அவர் அதை நான்காக மடித்துச் சின்ன மணிபர்சுக்குள் வைத்துக்கொண்டார். படித்த படிப்பு ஒருவருக்கு உதவுகிறது என்ற நிறைவு அவனுக்கு அன்று முழுக்க இருந்தது. இத்தனை நாளில் அவன் அந்தப் போனை ஒருமுறைகூடக் கையில் வாங்கிப் பார்க்கவில்லை. வீடியோக்களைத் தன் போனில் பார்த்தான். அதுவே போதும் என்று இருந்துவிட்டான்.

அடுத்த சனிக்கிழமை மூன்று மணிக்கு வேலை முடிந்ததும் இருவரும் எலெக்ட்ரானிக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்குக் கிளம்பினார்கள். பேருந்தில் உட்கார்ந்ததும் தனக்கோடி போனின் முதுகிலிருந்து சிவப்பாக எதையோ நகத்தால் உரித்தார். கீழே போடாமல் வளையலில் ஒட்டிக்கொண்டார். ஏதோ விலைச்சீட்டு என்று நினைத்தான். அவன் கண் வேறு இடத்துக்குப் போய்விட்டது. காதில் கம்மல் இல்லை. ஓட்டையில் இரண்டு வேப்பங்குச்சி சொருகியிருந்தது.

"அக்கா, கம்மல்?"

முந்தானை முடிச்சைத் தொட்டுக் காட்டினார். "இங்க கீது. மொதல்ல கேமரா பாப்போம். புடிச்சிருந்தா அங்கயே பக்கத்துல சேட்டு கடை கீது, போட்டுட்டு வந்துடலாம். ஓட்ட தூந்து போவும்ல, அதான் குச்சி."

அந்தத் தாளை அச்சடிக்கும்போது விலை என்ற கட்டத்தையும் அவன்தான் நிரப்பினான். அது எங்கிருந்து வரும் என்ற கட்டம் அட்டவணையில் இல்லை. "வேணாங்க்கா. அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றான். "தீபாளி அடுத்த மாசம் முடிஞ்சிடும்" என்றார்.

கடையில் கேசவ் என்று ஒரு விற்பனைப் பையன். கன்னடத்தில் ஆரம்பித்தவன், தாளைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினான். மூன்று கேமராவையும் எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தான். "மேடத்துக்கு எதுக்கு? கல்யாணமா?"

"டிராவல் விலாகு" என்றார் தனக்கோடி. கேசவ் ஒரு நொடி அந்த வேப்பங்குச்சிகளைப் பார்த்தான். பிறகு வியாபாரத்துக்குத் திரும்பினான். "அப்ப இதுதான் மேடம். உங்க போன் குடுங்க, ரெண்டுலயும் ஒரே படம் எடுத்துக் காட்டறேன். நீங்களே சொல்லுங்க."

எதிரில் தொங்கிய ஒரு பொம்மையைப் புதுக் கேமராவில் எடுத்தான். போனில் எடுத்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். சொல்வதற்கு ஒன்றும் இல்லை. ஒன்றில் பொம்மையின் தையல்கூடத் தெரிந்தது. மற்றதில் பொம்மை கொதிக்கும் பானையின் ஆவிக்குப் பின்னால் நிற்பதுபோல் இருந்தது.

தனக்கோடி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, எடுத்து வையி. இப்ப வந்துடுறேன்" என்று எழுந்து முந்தானை முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். கேசவ் போனைத் திருப்பிக் கொடுப்பதற்காகக் கவிழ்த்து, மேசை விளக்குக்குக் கீழே நீட்டினான்.

தனக்கோடியின் தலை தானாக ஒருபக்கம் சாய்ந்தது.

"இரு" என்றார்.

போனை வாங்கி வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தார். இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். "அய்ய" என்றார் மெதுவாக. கட்டைவிரல் நகத்தால் கேமராவின் கண்ணை லேசாக ஒரு வழி வழித்தார். நகநுனியில் மூக்குச்சளி மாதிரி ஒன்று திரண்டு வந்தது. பிறகு அந்த விரலை வகிட்டில் வைத்து ஒருமுறை தேய்த்து, தலையெண்ணெயைக் கண்ணின்மேல் தடவி, வட்டம் வட்டமாகத் தேய்த்து, முந்தானை நுனியால் துடைத்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். இன்னொரு சொட்டு. இன்னொரு துடைப்பு.

"இப்ப எடு" என்று பொம்மையைக் காட்டினார்.

கேசவ் எடுத்தான். எடுத்துவிட்டுத் திரையைப் பார்த்தவன், போனின் முதுகைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான். பொம்மையின் தையல் தெரிந்தது. தையலில் ஒரு நூல் பிரிந்திருந்ததும் தெரிந்தது.

மூன்று பேரும் அந்த நூலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"கோந்து" என்றார் தனக்கோடி. அவர் குரல் அடங்கிப் போயிருந்தது. "நாலு வருசத்துக் கோந்து. தொடைச்சுகினுதான் இருந்தேன், முந்தானியால. எண்ண போடாம தொடைச்சா கோந்து எங்க போவும், இன்னும் பரவும். கண்ணாடி தொடைக்கிறவ தம்பி நானு. பத்தொம்போது வருசம். எனக்கே தெரியலியே."

"எப்படிக்கா கோந்து வந்துச்சு?"

வளையலை நீட்டினார். பத்து பைசா அளவுக்குச் சிவப்பு வட்டம். "கேட்டுல ஒட்டுவானே டெய்லி. உள்ள போட்டோ எடுக்கக்கூடாதுன்னு. சாயங்காலம் உரிச்சிக்கணும். நடுவுல கிழிஞ்சிருந்தா வேலையும் கிழிஞ்சுது." அவர் நிமிர்ந்து பார்த்தார். "உனுக்கு ஒட்ட மாட்டாங்க?"

இளங்கோவன் தன் போனின் முதுகைத் திருப்பிப் பார்த்தான். "எனக்கு ஒட்ட மாட்டாங்கக்கா."

"ஹௌதா" என்றார். அவ்வளவுதான். 'அப்படியா' என்பதைக் கன்னடத்தில் சொன்னார். வீட்டு மனுஷராக நினைக்காதவரிடம் பேசும்போதுதான் அவருக்குக் கன்னடம் வரும்.

பிறகு கேசவிடம் கண்ணாடி இருக்கிறதா என்று கேட்டார். அவன் ஷோகேஸ் கதவையே திறந்து திருப்பிப் பிடித்தான். அதில் பார்த்துக் குச்சிகளை உருவினார். முடிச்சிலிருந்து கம்மலை எடுத்து, திருகைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒரு காதில் போட்டார், இன்னொரு காதில் போட்டார். குச்சிகளைக் கடையில் போடாமல் பர்சுக்குள் வைத்தார். பர்சில் இருந்த தாளை எடுத்து, நான்கு மடிப்பையும் பிரித்து, இளங்கோவன் கையில் கொடுத்தார்.

"நல்லா எழுதியிருந்த. வேற யாருக்காச்சும் ஆவும்."

திங்கட்கிழமை காலை இளங்கோவன் ஐந்தே முக்காலுக்கே வந்தான். அவன் தினமும் நுழையும் வாசலில் அட்டையைக் காட்டினால் கண்ணாடிக் கதவு திறக்கும். காவலர் வணக்கம் வைப்பார். அன்று கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனான். ஜெனரேட்டர் அறையை ஒட்டி ஒரு இரும்புக் கேட். மூன்று வருடமாக அந்தக் கட்டடத்தில் வேலை பார்க்கிறான். அங்கே ஒரு கேட் இருப்பது அவனுக்குத் தெரியாது. முப்பது நாற்பது பெண்கள் வரிசையில் நின்றார்கள், சில ஆண்கள். எல்லோரும் போனைக் கவிழ்த்து உள்ளங்கையில் ஏந்தியிருந்தார்கள். காவலர் ஒருவர் கையில் ஸ்டிக்கர் சுருளை வைத்துக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல், கையை மட்டும் பார்த்து, டப் டப் என்று ஒட்டிக்கொண்டே வந்தார். அந்த வேகத்தில் அவர் எத்தனை பேருக்கு எத்தனை வருடமாக ஒட்டியிருப்பார் என்று தெரிந்தது.

அவன் ஜெனரேட்டர் சுவரோரமாகவே நின்றான். ஊரில் அவன் அப்பா சர்க்கரை ஆலை வாசலில் வெட்டுக் கூலிக்குக் கையை நீட்டி நின்றதைப் பத்து வயதில் பார்த்திருக்கிறான். படித்தால் அந்த வாசலைத் தாண்டிவிடலாம் என்று சொல்லித்தான் அவனைப் படிக்க வைத்தார்கள். தாண்டியும்விட்டான். வேறு வாசல் வழியாக வந்ததால் இந்த வாசல் கண்ணிலேயே படாமல் போனதுதான் அவனை அங்கே அசையவிடாமல் நிறுத்தியது.

பேன்ட்ரியில் தனக்கோடியைப் பிடித்தான். "அக்கா, நிர்வாகத்துக்கு மெயில் போடறேன். எங்களுக்கு இல்லாத ஸ்டிக்கர் உங்களுக்கு மட்டும் எதுக்குன்னு கேக்கறேன்."

"போட்டா?"

"நிறுத்துவாங்க."

"ஸ்டிக்கர நிறுத்த மாட்டான் தம்பி. போன நிறுத்துவான். கேட்டுலயே வாங்கி வெச்சுக்குவான். மகா ஸ்கூட்டியில வேலைக்குப் போறா, விழுந்தா எந்திரிச்சா யாரு எனக்குச் சொல்றது? ஸ்டிக்கரே தேவலாம்." மாப்பைப் பிழிந்தார். "நீ சும்மா இரு. உன் மெயிலு எனக்கு வேணாம். ஒரு சொட்டு எண்ண போதும்."

மெயில் எழுதி வைத்திருந்தான், நல்ல ஆங்கிலத்தில், நான்கு பத்தி. அனுப்பவில்லை. அனுப்பாததற்கு அவர் சொன்னது மட்டும்தான் காரணமா என்று அவனால் இன்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தனக்கோடி அவனையும் கூப்பிட்டார். "பொட்டியில வெச்சா கெட்டுடும். எடுத்துகினு வா." சிந்தாமணிக்கு அப்பால் போகும் வண்டி. இளங்கோவன் முதுகில் ஒரு பை, மார்பில் ஒரு பை. கண்டக்டர் தனக்கோடிக்குச் சைபர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அவனிடம் திரும்பினார். "அம்மாவுக்கு ஃப்ரீ. மாப்பிளைக்கு டிக்கெட் உண்டு."

"மாப்ள இல்லப்பா, கேமராமேனு" என்றார் தனக்கோடி.

கடைசி ஸ்டாப்பில் ஒரு ஏரிக்கரை, ஒரு டீக்கடை, கூரை இல்லாத ஒரு நிழற்குடை. ஓட்டுநர் முகம் கழுவப் போனார். தனக்கோடி மாப்புக் கம்பை இழுத்து நீட்டி மண்ணில் ஒரு குத்து குத்தினார். இளங்கோவன் கேமராத் தாங்கியைப் பெட்டியிலிருந்து எடுத்தான். அதைச் சமநிலைப்படுத்த வேண்டும். அதற்குப் பன்னிரண்டு நிமிடக் காணொளி ஒன்றை ஏற்கெனவே நான்கு தடவை பார்த்திருக்கிறான். கேமரா இடப்பக்கம் விழுந்தது. சரிசெய்தான். வலப்பக்கம் விழுந்தது.

எட்டிப் பார்த்தபோது தனக்கோடி போன் திரையில் முகம் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் இருந்த சாந்துப் பொட்டை அழித்தார். வளையலில் இருந்த சனிக்கிழமைச் சிவப்பு ஸ்டிக்கரை உரித்து அந்த இடத்தில் ஒட்டினார்.

"அக்கா." அவனுக்குக் கையிலிருந்த திருகாணி நழுவியது. "அதுல எழுத்து இருக்கு."

"கீது."

"கேமரா கூடாதுன்னு இங்கிலீஷ்ல போட்டிருக்கு."

"நாலு வருசமா ஒட்டுறான். எனக்குத் தெரியாதா?"

"ஆபீஸ்ல யாராவது பாத்துட்டா? முனிராஜ் பாத்தா?"

"பாக்கட்டும். குப்ப எடுக்கறதுதான எனக்கு வேல. எடுத்தேன்." புருவத்தை உயர்த்தி இறக்கிப் பார்த்தார். "விழல. செம கோந்து."

பிறகு ஏரியைப் பற்றிப் பேசினார். டீக்கடைக்காரரிடம் ஊரில் எத்தனை வீடு என்று கேட்டார். நிழற்குடைக்குக் கூரை போன கதையை அவர் சொல்ல, இவர் "கூர போனா இன்னா, வெயிலு நேரா வந்து உக்காந்துக்கும்" என்று சிரித்தார். இளங்கோவனின் கேமரா முதல்முறையாக நேராக நின்ற கணத்தில் ஓட்டுநர் ஹாரன் அடித்தார்.

"ஆய்த்து மக்களே, கூப்புடுறாரு."

அந்த வீடியோவில் மூடுபனி இல்லை. ஏரியில் நின்ற கொக்கின் கால்கூடத் தனியாகத் தெரிந்தது. பின்னால் ஒருவன் ஒரு கம்போடு மல்லுக்கட்டுவதும் தெரிந்தது. 'யாருக்கா அது, மீன் புடிக்கிறாரா?' என்று இருபது பேருக்கு மேல் கேட்டிருந்தார்கள். அதைவிட அதிகம் பேர், 'அந்தப் பொட்டு எந்தக் கடையில வாங்கினீங்க?' என்று கேட்டிருந்தார்கள். தனக்கோடி எல்லாருக்கும் ஒரே பதில் போட்டார்: 'ஆபீசுல ஃப்ரீயா குடுக்கறாங்க.'

தீபாவளி வந்தது, போனது. அன்று ஞாயிறு இல்லை. இருந்தும் விடுமுறை என்பதால் மாகடிப் பக்கம் ஒரு கடைசி ஸ்டாப்புக்குப் போய் வந்தார்.

தனக்கோடி இப்போதும் அதே கட்டடத்தில், அதே மூன்றாவது மாடியில், காலை ஆறிலிருந்து மூன்று வரை வேலை செய்கிறார். சேனலில் நாற்பத்தோரு ஊர்கள் ஆகியிருக்கின்றன. கம்மல் காதில் இருக்கிறது. பின்பக்கக் கேட்டில் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். வகிட்டு எண்ணெயில் அதன் கோந்து தினமும் கழுவப்படுகிறது. முனிராஜ் சேனலைப் பார்க்கிறாரா என்று யாருக்கும் தெரியாது. பார்த்தாலும் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. இளங்கோவன் ஒரு சேனல் தொடங்கி, மூன்று வீடியோ போட்டிருக்கிறான், போனில் எடுத்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்து திரும்பி நின்றதும் தனக்கோடி முதலில் இறங்குகிறார். கம்பை மண்ணில் குத்தி, பவுடர் பஃபைச் சரிசெய்து, வளையலில் இருந்து அந்தச் சிவப்பு வட்டத்தை எடுத்து நெற்றியில் வைக்கிறார். திரையில் முகம் பார்க்கிறார். கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. கட்டைவிரல் நகத்தால் அதை மெல்லத் திருப்பி, எழுத்து நேராக நிற்கும்படி வைத்து, விரலால் ஒரு அழுத்து அழுத்துகிறார்.